நோய் பேசும் மொழி: ஹிஸ்டீரியாவும் சாலைக் கடைத்தெருவும்

திருவனந்தபுரம்: தமிழ்நாட்டில் எல்லாச் சாலையும் சாலைதான். திருவனந்தபுரத்தில் மட்டும் "சாலை" என்பது ஓரிடத்தின் பெயர். கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தக் கடைத்தெருவை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். அவர் பிறந்த குன்னத்தூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. தோவாளையிலிருந்து பூவும், நாகர்கோவில், திருநெல்வேலி வட்டாரங்களிலிருந்து பலசரக்கும் இங்கு வந்து இறங்கும். வாடிக்கையாளரிடம் விலை பேசுவது மலையாளத்தில். கல்லாவில் அமர்ந்து வீட்டாருடன் பேசுவது தமிழில். இதே தெருவில் கடை நடத்தியபடியே கதை எழுதிய ஆ. மாதவனுக்கு 2015-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அவரது கதைமாந்தர்களில் பெரும்பாலோர் இந்தத் தெருவில் நடமாடியவர்கள்.

இரு மொழிகளுக்கு நடுவே வாழும் ஒரு தெருவுக்கும் ஹிஸ்டீரியாவுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். அதற்கு விடை, கேரளத்தில் அநேகமாக அனைவரும் பார்த்துவிட்ட ஒரு திரைப்படத்தில் இருக்கிறது.

1993-இல் பாசில் இயக்கத்தில் வெளிவந்த "மணிச்சித்திரத்தாழ்" படத்தின் நாயகி கங்கா ஒரு மலையாளப் பெண். பெற்றோர் கொல்கத்தாவில் இருக்க, கிராமத்தில் பாட்டியிடம் வளர்ந்து, பின்னர் அங்கிருந்து திடீரெனப் பிரித்து அழைத்துச் செல்லப்பட்டவள். கணவனின் பழைய தறவாட்டில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபின் அவள் நாகவல்லியாகிறாள். நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வரவழைக்கப்பட்டு, காரணவரால் கொல்லப்பட்ட நடனமாது. கங்கா மலையாளத்தில் பேசுகிறாள். அவளுக்குள் இருக்கும் நாகவல்லி தமிழில் பேசுகிறாள். அமெரிக்காவிலிருந்து வரும் மனநல மருத்துவர் சன்னி, இது பேய் அல்ல, நோய் என்கிறார். ஷோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்த படம் இது.

இந்தப் படம் பின்னர் பிற மொழிகளுக்குச் சென்றபோது நடந்ததைத் திரை விமர்சகர்கள் அதிகம் கவனிக்கவில்லை. தமிழில் 2005-இல் "சந்திரமுகி" ஆனபோது, நாயகிக்குள்ளிருந்து எழுந்த பெண் தெலுங்கு பேசினாள். ஹிந்தியில் 2007-இல் "பூல் புலையா" ஆனபோது வித்யா பாலன் வங்க மொழியில் பேசினார். மலையாளிக்குத் தமிழ், தமிழருக்குத் தெலுங்கு, ஹிந்திக்காரருக்கு வங்கம். தன் மொழியில் சொல்ல முடியாததை ஒரு பெண் அண்டை வீட்டாரின் மொழியில் சொல்கிறாள் என்பதை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் விட்டுவிடவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. நாகவல்லியின் தமிழ்க் குரல் துர்கா என்ற பின்னணிக் கலைஞருடையது என்பதை இயக்குநர் பாசில் 2016-இல்தான் வெளிப்படுத்தினார். அதுவரை 23 ஆண்டுகள் அந்தக் குரலுக்கான பெயரும் வேறொருவரையே சேர்ந்திருந்தது.

திரைக்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மருத்துவ வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற ஹிஸ்டீரியா நோயாளிக்கும் இதுவே நேர்ந்தது.

கருப்பையில் தொடங்கிய கதை: ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இடம் பெயர்ந்து அலையும் கருப்பையே பெண்களின் மூச்சுத் திணறலுக்கும் மயக்கத்துக்கும் காரணம் என்று பண்டைய கிரேக்கர்கள் நம்பினர். நம் நாட்டு வைத்தியமும் இந்த வகையில் சளைத்ததல்ல. வலிப்பும் மயக்கமும் கண்ட பெண்ணுக்கு முதலில் கேட்கப்படும் கேள்வி மாதவிலக்கைப் பற்றியதாகவும், முதலில் சொல்லப்படும் மருந்து கல்யாணமாகவும் இருந்த காலம் வெகு தொலைவில் இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மேதை சார்கோ இந்நோயை ஆராய்ந்தார். 1885-இல் அங்கு சென்று அவரிடம் பயின்றவர் சிக்மண்ட் பிராய்ட். அதற்கு முன்பே, 1880 முதல் 1882 வரை, வியன்னாவில் ஜோசப் புரூயர் என்ற மருத்துவர் ஓர் இளம் பெண்ணுக்குச் சிகிச்சை அளித்துக் கொண்டிருந்தார். நோயுற்ற தந்தைக்கு இரவும் பகலும் பணிவிடை செய்துவந்த அவருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று, பார்வை தடுமாறிற்று. ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் அவருக்கு வரவே இல்லை; ஆங்கிலம் மட்டுமே பேசினார். மாலை நேரங்களில் மருத்துவரிடம் மனத்தில் உள்ளதையெல்லாம் பேசித் தீர்த்தபோது அறிகுறிகள் தணிந்தன. "பேச்சு வைத்தியம்" என்று அதற்குப் பெயரிட்டவரும் அந்தப் பெண்தான்; அந்தப் பெயரையும் அவர் ஆங்கிலத்திலேயே சூட்டினார்.

1895-இல் புரூயரும் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அவர் "அன்னா ஓ" என்ற புனைபெயரில் இடம்பெற்றார். அவரது உண்மைப் பெயர் பெர்தா பாப்பன்ஹைம் என்பது 1953-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. நூலில் சொல்லப்பட்டது போல் அவர் அப்போதே முழுமையாகக் குணமடைந்துவிடவில்லை. சிகிச்சை முடிந்தபின் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். ஆனால் அவர் வாழ்க்கை அங்கு முடியவில்லை. 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, பெண் கடத்தலுக்கு எதிராகப் பல நாடுகளுக்குப் பயணம் செய்து போராடிய தலைவராக அவர் விளங்கினார். மேற்கு ஜெர்மனி 1954-இல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. ஹிஸ்டீரியா என்றாலே உருப்படாத பெண் என்று பொருள் கொள்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்கலாம்.

இது பெண்களின் நோய் என்ற எண்ணத்தை உடைத்தது முதல் உலகப் போர். பதுங்கு குழிகளில் மாதக்கணக்கில் குண்டுமழைக்கு நடுவே கிடந்த ஆண்கள், உடலில் காயம் ஏதுமின்றியே பேச்சிழந்தனர், நடை இழந்தனர், பார்வை இழந்தனர். கருப்பை இல்லாதவர்களுக்கு இது எப்படி வந்தது என்று விளக்க வேண்டிய கட்டாயம் ராணுவ மருத்துவர்களுக்கு ஏற்பட்டது. "குண்டு அதிர்ச்சி" என்று புதுப் பெயர் சூட்டினர். பெண்ணுக்கு வந்தால் நாடகம், சிப்பாய்க்கு வந்தால் கோழைத்தனம்! கோழைத்தனம், ராணுவத்தை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்களுக்கு பிரிட்டன் 2006-இல்தான் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் மனம் சிதைந்தவர்கள் பலர் இருந்தனர் என்பதே மன்னிப்புக்காகப் போராடிய குடும்பங்களின் வாதம்.

தலைநகர் தில்லியில் ஹிஸ்டீரியா என்றால் 2001 மே மாதத்துக் "குரங்கு மனிதன்" பீதிதான் இன்றும் நினைவுக்கு வருகிறது. கோடைக்கால மின்வெட்டில் மொட்டை மாடிகளில் படுத்துறங்கிய கிழக்கு தில்லி, காஜியாபாத் மக்களை இரவில் ஏதோ ஒன்று பிறாண்டுவதாகப் புரளி பரவியது. பயந்து மாடியிலிருந்து குதித்தவர்களில் சிலர் இறந்தனர். அப்படி ஒரு பிராணியே இல்லை என்று விசாரணையில் தெரிய வந்தது. அது கூட்டத்தைப் பற்றிக்கொள்ளும் பீதி. வதந்தி நின்றால் அதுவும் நின்றுவிடும். தனி ஒருவரின் உடலில் தங்கி ஆண்டுக்கணக்கில் வாட்டும் நோய் வேறு வகை. இங்கு நாம் பேசுவது அதைப் பற்றியே.

நடிப்பா, நோயா?: ஹிஸ்டீரியா என்ற பெயர் இன்று மருத்துவ ஏடுகளில் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பட்டியலில் (2022 முதல் நடைமுறையில் உள்ளது) மனத்தின் கூறுகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகிப் போகும் கோளாறுகள் என்ற தொகுப்பில் அது பல பெயர்களாகப் பிரிந்து கிடக்கிறது. கங்காவுக்கு வந்ததாகப் படம் சொல்லும் நோயும் அதே தொகுப்பைச் சேர்ந்ததுதான். ஆனால் அது அரிது. மருத்துவமனைகளுக்கு அன்றாடம் வருபவர்கள் திடீரெனக் கை கால் வெட்டி இழுத்துக் கொள்பவர்கள், பேச்சு அடைத்துப் போனவர்கள், ஒரு கால் விளங்காமல் போனவர்கள். மூளையின் படத்தில் கோளாறு தெரிவதில்லை. உறுப்பு கெடவில்லை; அதை இயக்கும் முறைதான் தடம் புரண்டிருக்கிறது. கணினியில் வன்பொருள் சரியாக இருந்தும் மென்பொருள் சிக்கிக் கொள்வதைப் போன்றது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள்.

இது நடிப்பு அல்ல என்பதை எப்படி அறிவது? 1908-இல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் கண்ட எளிய சோதனை இன்றும் பயன்படுகிறது. விளங்காத காலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் நோயாளியால் முடியாது. மற்றக் காலைத் தூக்கச் சொன்னால், அவர் அறியாமலே அந்த "விளங்காத" கால் கட்டிலை அழுத்தும். கவனம் அந்தக் காலின்மேல் திரும்பியதும் வலு போய்விடுகிறது. கவனம் விலகியதும் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் "பார், பிடிபட்டாய்" என்று நோயாளியை அவமதிக்க இந்தச் சோதனை உதவியது. இன்றைய நரம்பியல் மருத்துவர்கள் இதையே நோயாளிக்குச் செய்து காட்டி, "உங்கள் கால் கெடவில்லை, திரும்பி வரும்" என்று நம்பிக்கை ஊட்டப் பயன்படுத்துகிறார்கள். சோதனை ஒன்றுதான், மருத்துவரின் தொனி மாறிவிட்டது.

எதிர்ப்பக்க அபாயமும் உண்டு. 1965-இல் லண்டன் மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டர், ஹிஸ்டீரியா என்று சொல்லப்பட்ட 85 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, அவர்களில் பலருக்கு உண்மையில் உடல் நோய் இருந்தது தெரிய வந்தது. மருத்துவரின் அறியாமைக்குப் போர்த்திய போர்வை இந்தச் சொல் என்று அவர் சாடினார். 1970-களுக்குப் பிறகு இத்தகைய தவறு சுமார் 4 சதவீதமாகக் குறைந்திருப்பதாக 2005-இல் வெளியான ஆய்வு கூறியது.

சித்திரைத் திருநாள் மருத்துவமனை: சாலையிலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில், மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ் இயங்குகிறது. 1990-களில் இங்கு உருவான வலிப்பு நோய் மையம் நாட்டின் முன்னோடி மையங்களில் ஒன்று. குமரி, நெல்லை மாவட்டத் தமிழர்கள் வலிப்பு என்றதும் தேடி வருவது இங்குதான்.

இம்மையத்தின் மருத்துவர்கள் கேரளத்தில் சுமார் 2.38 லட்சம் பேரிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஐவருக்கு வலிப்பு நோய் இருப்பது தெரிய வந்தது. அதே ஆய்வில், வலிப்பு ஒரு வகைப் பைத்தியம் என்று 27 சதவீதம் பேர் கருதினர். எழுத்தறிவில் அப்போது முதலிடம் வகித்த மாநிலத்தின் நிலை இது.

உலகெங்கும் இத்தகைய சிறப்பு மையங்களுக்கு "மருந்துக்கு அடங்காத வலிப்பு" என்று அனுப்பப்படுபவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, சில இடங்களில் அதற்கும் மேலானவர்களுக்கு, வலிப்பு நோயே இல்லை. மூளையின் மின் அலைகளையும் நோயாளியின் அசைவுகளையும் ஒருசேரப் பதிவு செய்யும் விடியோ இ.இ.ஜி. அறையில் இது வெளிப்படுகிறது. உடல் வெட்டி இழுக்கிறது. ஆனால் திரையில் மின்புயல் இல்லை. கண்கள் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும்; உண்மையான வலிப்பில் அவை திறந்தே இருக்கும். இப்படிப்பட்டவர்களில் சுமார் நான்கில் மூவர் பெண்கள். சரியான நோய் கண்டறியப்பட சராசரியாக ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்று ஜெர்மனியில் நடந்த ஆய்வு கணக்கிட்டது. இருவகை வலிப்பும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு என்பதால், மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

அந்த ஏழு ஆண்டுகளில் நடப்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். தேவையற்ற மருந்துகள் வேளை தவறாமல் கொடுக்கப்படுகின்றன. அவற்றில் வால்புரோயேட் போன்றவை கருவில் உள்ள குழந்தையைப் பாதிப்பவை. கர்ப்பிணிகளிடம் வலிப்பு மருந்துகளின் விளைவைக் கண்காணிக்கும் கேரளப் பதிவேடு 1998 முதல் இதே நிறுவனத்திலிருந்துதான் இயங்கி வருகிறது. இல்லாத நோய்க்காக அந்த மருந்தை விழுங்கும் பெண்ணின் நிலையை என்னவென்பது? கல்யாணச் சந்தையில் "வலிப்புக்காரி" என்ற முத்திரை வேறு. அடிக்கடி வலிப்பு வருவது செல்லுபடியாகும் திருமணத்துக்குத் தடை என்ற வாசகம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டதே 1999-இல்தான். ஊராரின் மனத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

மருத்துவமனைக்கு முன்னதாகவே குடும்பங்கள் போகும் வேறு இடங்களும் உண்டு. எர்ணாகுளம் மாவட்டம் சோற்றானிக்கரைக் கோயிலில் பாலை மரத்தில் அடிக்கப்பட்ட ஆணிகள் அதற்குச் சாட்சி. செஞ்சி வட்டாரத்தில் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாக மணமான பெண்கள் என்றும், பிடித்த பேய்களில் பெரும்பாலானவை காதல் கைகூடாமல் உயிர்விட்ட இளைஞர்களுடையவை என்றும் எழுதினார். புகுந்த வீட்டில் வாய் திறக்க முடியாத பெண், செத்துப்போன ஓர் ஆணின் குரலில் பேசுகிறாள். அப்போது மட்டும் மாமியார் முதல் பூசாரி வரை அத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இதனால் எல்லாச் சாமியாட்டமும் நோய் என்றாகிவிடாது. சாலையை அடுத்த ஆற்றுக்காலில், மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகியே பகவதியாக வீற்றிருப்பதாக ஐதீகம். அங்கு பொங்கலிடப் பல லட்சம் பெண்கள் கூடுகிறார்கள். சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டில் அருள் வருவதை நோயாகக் கருதக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலே தெளிவாகச் சொல்கிறது. பெண்ணின் சினமும் நோயல்ல. வாக்குரிமை கேட்ட பிரிட்டிஷ் பெண்களை ஹிஸ்டீரியாக்காரிகள் என்று பத்திரிகைகள் ஏசிய காலம் உண்டு. அரசனிடம் நீதி கேட்ட கண்ணகியை அப்படிச் சொல்ல நம்மில் எவருக்கும் நா எழாது. சட்டப்பேரவையில் குரலை உயர்த்தும் பெண் உறுப்பினரை என்றால் உடனே எழுகிறது.

சிகிச்சை என்பது பேச்சு: இந்த நோய்க்கு மாத்திரை இல்லை. நோயைச் சரியாக விளக்கிச் சொல்வதே முதல் சிகிச்சை. அதிலேயே சிலருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. மற்றவர்களுக்கு உளவியல் ஆலோசனை தேவைப்படும். பிரிட்டனில் 368 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், ஓராண்டு முடிவில் வலிப்புகளின் எண்ணிக்கையை இந்த ஆலோசனை எதிர்பார்த்த அளவு குறைக்கவில்லை. ஆனால் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையும் மனநிலையும் மேம்பட்டன. மந்திரத்தில் மாங்காய் விழுவதாக யாரும் வாக்குறுதி அளிக்க முடியாது. சன்னி டாக்டரின் ஒருநாள் தந்திரம் திரையில் மட்டுமே பலிக்கும்.

சிகிச்சையே பேச்சு என்னும்போது, எந்த மொழியில் என்ற கேள்வி எழாமல் இராது. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். எல்லை தாண்டி வரும் குமரி, நெல்லை மாவட்ட நோயாளிகள் இந்தக் கணக்கில் சேராதவர்கள். சாலைவாசிகளுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. அரிசி விலை பேச அது போதும். பதினெட்டு வயதில் நடந்ததை, கணவனிடமும் சொல்லாததை, அதில் சொல்ல முடியுமா? சிலருக்குக் கூச்சமான விஷயங்களை வேற்று மொழியில் சொல்வதுதான் எளிது என்று உளவியல் ஆய்வாளர்கள் கூறுவதும் உண்டு. பெர்தா பாப்பன்ஹைமுக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் எந்த மொழி என்று தேர்ந்தவர் அவரே. மருத்துவமனையின் பணிநேரப் பட்டியல் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மாநிலங்களவையில் 2016 ஆகஸ்டிலும், மக்களவையில் 2017 மார்ச்சிலும் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த விஷயத்தில் பாராட்டுக்குரிய ஒன்றைச் செய்தது. மனநோய் உள்ளது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் எனக் கருதக்கூடாது என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. விவாகரத்து வழக்குகளில் மருத்துவச் சீட்டை ஆயுதமாக்குபவர்கள் படிக்க வேண்டிய பிரிவு இது. நோயாளிக்குத் தரப்படும் தகவல் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது 22-ஆவது பிரிவு. நோயாளிக்குச் சொல்லப்படுவதைப் பற்றியே அது பேசுகிறது. நோயாளி சொல்வதை அவர் மொழி அறிந்த ஒருவர் கேட்க வேண்டும் என்பது அதில் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி சேவை (எண் 14416) 20 மொழிகளில் இயங்குவதால் ஓரளவு ஆறுதல். ஆனால் வாரந்தோறும் நேரில் அமர்ந்து மாதக்கணக்கில் பேச வேண்டிய சிகிச்சைக்குத் தொலைபேசி ஈடாகாது.

கேரள அரசின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, மாநிலத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். ரேஷன் அட்டையில் பிழை என்று சாலைக்காரர் ஒருவர் தமிழில் மனுப் போட உரிமை உண்டு. ஆலோசகரின் முன் ஒரு பெண் அமர்ந்து பேசுவது கடிதப் போக்குவரத்தில் சேராது.